ஏழு ஆண்டுகள் நீண்ட ஒரு சலுகை

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு தாக்கல் செய்தபோது, அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்கள் இந்திய வங்கிகளின் கையில் மிகக் குறைவாகவே இருந்தன. உலகமே ஆட்டம் கண்டபோதும் நம் வங்கிகள் அசையவில்லை என்ற பேச்சு அன்று தொடங்கியது. இன்றும் மேடைகளில் அதைக் கேட்கிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நெருக்கடியைச் சமாளிக்க அன்று தளர்த்தப்பட்ட ஒரு கணக்கு விதி, அதன் தேவை தீர்ந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அதன் விலையை வங்கிகளோடு சேர்ந்து தொழில்துறையும், எல்லோரையும்விட அதிகமாகச் சிறு தொழில் செய்பவர்களும் கொடுத்தார்கள் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அந்தப் பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒய்.வி. ரெட்டி ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த காலத்தில், கட்டட வணிகத்துக்கான கடன் கட்டுக்கடங்காமல் பெருகுவதைக் கண்டு, அந்தக் கடனுக்கான இடர் எடையை 2005 இல் 100 இலிருந்து 125 சதவீதமாகவும், 2006 இல் 150 சதவீதமாகவும் உயர்த்தினார். இடர் எடை என்பது ஒரு கடனுக்கு எதிராக வங்கி எவ்வளவு சொந்த மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு. அது உயர்ந்தால் அந்தக் கடன் வங்கிக்குச் செலவு பிடித்ததாகிவிடும். ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்த கடன்களுக்கும், கட்டட வணிகம், பங்குச் சந்தை போன்ற துறைகளில் 2 சதவீதம் வரை ஒதுக்கீடு, அதாவது நட்டம் வந்தால் ஈடுகட்ட லாபத்திலிருந்து எடுத்துவைக்கும் தொகை, வைக்கச் சொன்னார். பொருளாதாரம் செழித்திருந்த காலத்திலேயே கடிவாளத்தை இறுக்கிப் பிடித்த இந்த முன்யோசனையை, நெருக்கடிக்குப் பிறகு, வங்கி விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான பாசெல் குழு தன் மூன்றாம் விதித் தொகுப்பில் எதிர்ச்சுழற்சி மூலதனம் என்ற பெயரில் உலகம் முழுவதற்கும் பரிந்துரைத்தது. அந்த வகையில் நாம் பெருமைப்படலாம்.

ஆனால் அடி வேறு வழியில் வந்தது. வெளிநாட்டுக் கடன் கிடைக்காமல் போன பெரிய நிறுவனங்கள் ஒரே நேரத்தில் உள்நாட்டு வங்கிகளின் கதவைத் தட்டின. 2008 அக்டோபரிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக் காலம், நாட்டின் ஏற்றுமதி ஒவ்வொரு மாதமும் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிடக் குறைவாகவே இருந்தது. லேமன் விழுவதற்குப் பத்து நாள் முன்னதாகப் பொறுப்பேற்றிருந்த ஆளுநர் டி. சுப்பாராவ் விரைந்து செயல்பட்டார். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டி 9 சதவீதத்திலிருந்து 2009 ஏப்ரலில் 4.75 சதவீதத்துக்கு வந்தது. வங்கிகள் தம் வைப்புத்தொகையில் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய ரொக்கக் கையிருப்பு விகிதம் 9 இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மத்திய அரசு வரிகளைக் குறைத்தது. ஜவுளி போன்ற, ஆட்களை அதிகம் நம்பியிருக்கும் துறைகளின் ஏற்றுமதிக் கடனுக்கு 2 சதவீத வட்டி மானியம் கொடுத்தது. இவை எல்லாம் அந்த நேரத்துக்குத் தேவையானவை. திருப்பூரில் பையர்கள் ஆர்டரை நிறுத்திவைத்திருந்த அந்த மாதங்களில், ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க வாங்கும் பேக்கிங் கிரெடிட் கடனின் வட்டி இறங்கியது எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பதை அந்த ஊரில் கணக்கு எழுதியவர்கள் அறிவார்கள்.

இவற்றோடு இன்னொரு மருந்தும் கொடுக்கப்பட்டது. வட்டிக் குறைப்பைப் போல அது தலைப்புச் செய்தியாகவில்லை. கடன் மறுசீரமைப்பு விதிகளை ரிசர்வ் வங்கி 2008 ஆகஸ்டில் ஒருங்கிணைத்து வெளியிட்டிருந்தது. நெருக்கடி முற்றியதும், டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் அவற்றை ஒருமுறைச் சலுகையாக மேலும் தளர்த்தி, முன்பு மறுசீரமைப்புக்குத் தகுதி பெறாத கட்டட வணிகக் கடன்களையும், ஏற்கெனவே ஒருமுறை மறுசீரமைக்கப்பட்ட கடன்களையும் உள்ளே அனுமதித்தது. அந்த ஒருமுறைச் சலுகை 2009 நடுவில் முடிந்துவிட்டது. ஆனால் அடிப்படைச் சலுகை முடியவில்லை. அது என்னவென்றால், தவணை கட்ட முடியாத நிறுவனத்துக்குக் கெடுவை நீட்டி, வட்டியைக் குறைத்துக் கொடுத்தாலும், அந்தக் கடனை வாராக்கடன் என்று எழுதாமல் நல்ல கடன் வரிசையிலேயே வங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதுதான்.

இதன் உட்பொருளை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு வங்கி ஓர் இரும்பாலைக்கு 100 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறது. ஆலையால் வட்டியே கட்ட முடியவில்லை. 90 நாள் கடந்ததும் வாராக்கடன் என்று எழுதினால், 2011 க்குப் பிந்தைய விதிப்படி முதல் கட்டத்திலேயே 15 கோடி ரூபாயை லாபத்திலிருந்து எடுத்து ஒதுக்க வேண்டும். அந்தக் கடனுக்கு வட்டி வருமானம் என்று எதையும் எழுதக் கூடாது. அதே கடனை மறுசீரமைத்தால், அந்த விதி வந்த புதிதில் ஒதுக்க வேண்டியது ஏறத்தாழ 2 கோடி மட்டுமே. காலாண்டு முடிவு நெருங்கும்போது, லாபத்தைக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் ஒரு பொதுமேலாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஐயம் வேண்டியதில்லை. அதற்கும் மேலே, பழைய வட்டியைக் கட்டுவதற்கே புதிய கடன் கொடுத்துக் கணக்கைப் பசுமையாக வைத்திருக்கும் வழக்கமும் வளர்ந்தது. தாளில் வட்டி வரவாகிக்கொண்டே இருக்கும். ஆலையில் உற்பத்தி நின்றிருக்கும். புதிதாகக் கொடுத்த பணம் ஒரு புதிய இயந்திரத்தையோ ஒரு புதிய வேலையையோ உருவாக்கியிருக்காது.

என்னை மிகவும் உறுத்தும் ஒப்பீடு ஒன்று உண்டு. பொருளாதாரம் 2009–10 இல் மீண்டுவிட்டது என்று கண்ட ரிசர்வ் வங்கி, 2010 மார்ச்சில் வட்டியை உயர்த்தத் தொடங்கி, 2011 அக்டோபருக்குள் பதின்மூன்று முறை உயர்த்தி 8.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அதாவது, பண்டங்கள் வாங்கவும் விற்கவும் உற்பத்தி செய்யவும் உதவிய மலிவான வட்டி ஒன்றரை ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. மறுசீரமைத்த கடனை நல்ல கடனாகக் காட்டும் சலுகையோ 2015 மார்ச் 31 வரை தொடர்ந்தது. இந்தச் சலுகை 2011 லேயே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2020–21 பொருளாதார ஆய்வறிக்கை தனி அத்தியாயமே எழுதி ஒப்புக்கொண்டது. அரசின் ஆவணம் ஒன்று இவ்வளவு வெளிப்படையாக எழுதியதை நான் வரவேற்கிறேன். எழுதப்பட்டபோது பத்தாண்டு கழிந்திருந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீடித்ததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. வாராக்கடன்களில் பெரும்பகுதி 2006 முதல் 2008 வரையிலான உற்சாக ஆண்டுகளில் கொடுக்கப்பட்டது என்று, ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன் பிற்காலத்தில் நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுதினார். மின்சாரம், சாலை, இரும்பு ஆகிய துறைகளில் நிலம் கையகப்படுத்துவதும் சுற்றுச்சூழல் அனுமதி பெறுவதும் தாமதமாயின. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 204 நிலக்கரி வயல் ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. நிலக்கரி வரும் என்று நம்பிக் கட்டிய அனல் மின் நிலையங்கள் அந்தரத்தில் நின்றன. கடன் வாங்கியவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று பேசுவது நியாயமில்லை. ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும், நட்டம் நட்டம்தான். அதை எழுதிவைத்தால்தான் யார் எவ்வளவு சுமப்பது என்ற பேச்சைத் தொடங்க முடியும்.

இனி, இதே காலத்தில் கீழ்த்தட்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பெருநிறுவனக் கடன் மறுசீரமைப்பு அமைப்புக்குள் நுழைய 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் கடன் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவருக்கு விதிப்புத்தகத்தில் வேறு வழிகள் இருந்தன. நடைமுறையில் கிளை மேலாளரின் துணிவே வழி. கொங்கு வட்டாரத்தில் சிறு நிறுவனங்களின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் தொழிலில் இருப்பதால், அந்தக் கோப்புகளை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். சில நிட்டிங் மெஷின்களை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்த ஒருவர், ஓ.டி. எனும் மிகைப்பற்றுக் கடன் வரம்பைப் புதுப்பிக்கப் போனார். மாதந்தோறும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் தவறாமல் கொடுத்தவர். அவருக்கு வேலை கொடுத்த ஏற்றுமதி நிறுவனம் பில் பணத்தை நான்கு மாதம் இழுத்தடித்ததால் அவருடைய கணக்கில் வட்டி நிலுவை நின்றது. புதுப்பிக்க வேண்டுமானால் ஈடாக இன்னொரு சொத்து வேண்டும் என்று வங்கி கேட்டது. அக்காவின் வீட்டுப் பத்திரத்தைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. 90 நாள் முடிந்ததும் கணக்கு வாராக்கடன் ஆனது. ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வந்தது. பிறகு ஷெட்டின் இரும்புக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, நாளிதழில் ஏல விளம்பரமும் கொடுத்தார்கள். கடன் சில லட்சங்கள். அவர் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் அந்த விளம்பரத்தைப் படிக்கும் வயதில் இருந்தார்கள்.

அந்த வங்கி விதியை மீறவில்லை. 90 நாள் விதி சிறியவருக்கு எழுத்துக்கு எழுத்து செயல்பட்டது. பெரியவருக்கு அதே விதியைத் தள்ளிப்போட முறையான ஏற்பாடு இருந்தது. ஒழுங்குமுறை கடுமையாக இருக்க வேண்டுமா தளர்வாக இருக்க வேண்டுமா என்று பொருளியல் வல்லுநர்கள் விவாதிக்கும்போதெல்லாம், யாருக்குத் தளர்வு என்ற கேள்வி என் மனத்தில் எழும். பெரிய கணக்குகளில் முடங்கிய பணத்துக்கான செலவை வங்கி எங்கிருந்தோ ஈட்டியாக வேண்டும். 2015 இல் ரெப்போ வட்டி 1.25 சதவீதப் புள்ளி இறங்கியபோது, வங்கிகளின் அடிப்படை வட்டி அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்த பட்டறைக்காரரும் வீட்டுக் கடன் வாங்கிய ஆசிரியரும் அந்த இடைவெளியைத் தம் மாதத் தவணையில் சுமந்தார்கள்.

2015 இல் ராஜன், வங்கிகளின் கடன் கணக்குகளைச் சோதிக்கும் சொத்துத் தர ஆய்வைத் தொடங்கினார். ஒரே நிறுவனத்துக்குப் பல வங்கிகள் கடன் கொடுத்திருக்கும். ஒரு வங்கி வாராக்கடன் என்று எழுதியிருக்க, இன்னொரு வங்கி நல்ல கடன் என்று வைத்திருக்கும். இந்த முரண்பாட்டை ஒவ்வொரு பெரிய கணக்கிலும் தேடிப் பார்க்கச் சொன்னார். 2015 செப்டம்பரில் 5.1 சதவீதமாகக் காட்டப்பட்டிருந்த மொத்த வாராக்கடன் விகிதம், ஆறே மாதத்தில் 7.6 சதவீதமானது, 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியது. ஆய்வுதான் வங்கிகளைக் கெடுத்தது என்று சிலர் அப்போது சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்ததால் எலும்பு முறிந்தது என்பதைப் போன்ற வாதம் அது.

ஆனாலும் ஏழு ஆண்டு சேர்ந்ததை இரண்டு ஆண்டில் எழுதினால் வலிக்கத்தான் செய்யும். 2016–17 இல் வங்கிக் கடன் வளர்ச்சி ஏறத்தாழ 5 சதவீதத்துக்குச் சரிந்தது. அறுபது ஆண்டுகளில் அவ்வளவு குறைந்ததில்லை. பொதுத்துறை வங்கிகளில் பதினொன்று, நலிந்த வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதிக்கும் உடனடித் திருத்த நடவடிக்கை என்ற கட்டுப்பாட்டுக்குள் வந்தன. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 அக்டோபரில் அதற்குள் போய், 2021 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் தலைமுறைகளாகக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு, அந்த ஆறு ஆண்டுகளில் தங்கள் கிளை கடன் கொடுப்பதில் ஏன் இவ்வளவு தயங்குகிறது என்று யாரும் விளக்கவில்லை. பொதுத்துறை வங்கிகளுக்கு 2016–17 முதல் 2020–21 வரை மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மூலதனம் செலுத்தப்பட்டது. மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் போகக்கூடிய கடன்வாங்கும் திறனை அரசு இதில் செலவிட்டது.

வங்கிகள் பின்வாங்கிய இடத்தை வங்கிசாரா நிதி நிறுவனங்கள் நிரப்பின. அவை குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் திரட்டி நீண்ட காலத் திட்டங்களில் போட்டன. 2018 இல், உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தரும் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமம் தவணை தவறியபோது, சில வாரங்களுக்கு முன்பு வரை அதற்கு உயர்ந்த தர மதிப்பீடு இருந்தது. குழுமத்தின் கடன் 90,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுத் திருப்பூருக்கு ஆற்று நீர் கொண்டுவந்த திட்டத்தில் தமிழக அரசோடும் ஏற்றுமதியாளர்களோடும் சேர்ந்து நின்ற குழுமம்தான் இது. அக்டோபர் 1 அன்று மத்திய அரசு அதன் இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை அமர்த்தியது. சந்தையில் பணம் வற்றியது. லாரிக்கும் டிராக்டருக்கும் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வரை அதன் நடுக்கம் எட்டியது. வங்கிக்குள் இறுக்கிய விதி வங்கிக்கு வெளியே எட்டாதபோது, ஆபத்து இடம் மாறுவது அமெரிக்காவில் 2008 க்கு முன்பே கண்ட பாடம்.

கடுமை என்றாலே நல்லது என்று நான் வாதிடவில்லை. ரிசர்வ் வங்கியின் 2018 பிப்ரவரி 12 சுற்றறிக்கை, ஒரு நாள் தவணை தவறினாலும் தீர்வுத் திட்டத்தைத் தொடங்கச் சொன்னது; 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கணக்குகளில் 180 நாளுக்குள் தீர்வு காணாவிட்டால் திவால் தீர்ப்பாயத்துக்கு அனுப்பச் சொன்னது. அரசின் மின்வாரியங்களே பாக்கி வைத்திருக்கும் மின் நிறுவனமும், மோசடி செய்த நிறுவனமும் இந்த விதியின் முன் ஒன்றாகவே நின்றன. சென்னையைச் சேர்ந்த தரணி சுகர்ஸ் பெயரால் அறியப்படும் வழக்கில், 2019 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூனில் ரிசர்வ் வங்கி சற்று நெகிழ்வான புதிய வழிமுறையை வெளியிட்டது. தீர்வு தாமதமானால் கூடுதல் ஒதுக்கீடு என்ற அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. காலம் கொடுப்பதில் தவறில்லை, அந்தக் காலத்துக்கு வங்கி விலை கொடுக்கும் வரையில்.

கொரோனாக் காலத்தில் இந்தப் பாடம் ஓரளவு நினைவில் இருந்தது. 2020 ஆகஸ்ட் 6 அன்று அறிவித்த மறுசீரமைப்பு வழிமுறையில், அந்த ஆண்டு டிசம்பர் 31 க்குள் விண்ணப்பத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்ற தேதி எழுதப்பட்டிருந்தது. பெரிய கடன்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு கேட்கப்பட்டது. அதைவிட முக்கியமானது, அதே ஆண்டு மே மாதம் வந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். ஏற்கெனவே உள்ள கடன் பாக்கியில் 20 சதவீதம் வரை சிறு நிறுவனங்களுக்குப் புதிய கடன், புதிய ஈடு எதுவும் கேட்காமல், அரசின் முழு உத்தரவாதத்தோடு. இங்கே உதவி யாருக்கு, எவ்வளவு, தவறினால் யார் பொறுப்பு என்பது அரசின் கணக்கில் வெளிப்படையாக நின்றது. 2008 இல் வங்கியின் இருப்புநிலைக் குறிப்புக்குள் ஒளித்துவைக்கப்பட்ட சுமை, 2020 இல் பெருமளவு வெளியே வைக்கப்பட்டது. குறைகள் இல்லாத திட்டம் என்று சொல்ல மாட்டேன். முன்பே 60 நாளுக்கு மேல் தவணை தவறியிருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் நான் கணக்குப் பார்க்கும் பட்டறைகளில் சில, அந்தப் பணத்தில்தான் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தன. மொத்த வாராக்கடன் விகிதம் 2024 மார்ச்சில் 2.8 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

இப்போது நாட்டில் மறுபடியும் பெருந்திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் காலம் வந்திருக்கிறது. கட்டுமானத்தில் இருக்கும் திட்டங்களின் கடனுக்கு 5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ரிசர்வ் வங்கி வரைவு வெளியிட்டது. வங்கிகளும் தொழில்துறையும் எதிர்த்தன. 2025 ஜூனில் வந்த இறுதி விதியில் அது உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு 1 சதவீதமாகக் குறைந்தது. உள்கட்டமைப்புத் திட்டம் தொடங்கும் தேதியை மூன்று ஆண்டு வரை தள்ளிப்போட்டாலும் கடன் நல்ல கடனாகவே இருக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒதுக்கீடு கூடும். 5 சதவீதம் அதிகம் என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். சாலையும் மின்நிலையமும் நமக்கு வேண்டும், அவற்றின் கடனுக்கு வட்டி ஏறினால் அதை நாம்தான் கட்டணமாகக் கட்டுவோம். ஆனால் காலாண்டுதோறும் கூடும் அந்தச் சிறு ஒதுக்கீடுதான் 2008 இன் சலுகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. அடுத்த முறை உலகச் சந்தை ஆட்டம் காணும்போது, தொழிலைக் காப்பதற்காக என்று சொல்லி முதலில் தளர்த்தச் சொல்லப்போவது அந்த ஒதுக்கீட்டைத்தான் என்று நினைக்கிறேன். அப்போது தளர்த்தினாலும், எந்தத் தேதிவரை என்று அதே சுற்றறிக்கையில் எழுத வேண்டும். சில லட்சம் கடனுள்ள நிட்டிங் பட்டறைக்கும் அதே தேதிவரை அதே அவகாசம் கிடைக்க வேண்டும்.